பத்திரத்துக்கு அப்பால் ஒரு கடன்

வேல்ஸ் நாட்டுப்புறத்தில் மனை வாங்கி வீடு கட்டுகிறவரிடம் சட்டம் கேட்பது பத்திரத்தையும் கட்டட அனுமதியையும்தான். அங்கே முன்பு வாழ்ந்து மறைந்தவர்களுக்கும் அவர் கடன்பட்டவரா? ஆம் என்றே நினைக்கிறேன். சட்டப்படி சரியான கையகப்படுத்தல் அறத்தின் முன் தோற்றுப்போகலாம் என்பதற்கு ட்ரவெரின் பள்ளத்தாக்கு சான்று. லிவர்பூலின் தண்ணீருக்காக அந்தப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்க 1957இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. வேல்ஸ் உறுப்பினர் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. 1965இல் அங்கிருந்த கேப்பல் கெலின் கிராமம், தேவாலயமும் பள்ளியும் பண்ணைகளுமாக, நீருக்குள் போனது. 2005இல் லிவர்பூல் மாநகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. சட்டமே எல்லாக் கணக்கையும் தீர்த்திருந்தால் அந்த மன்னிப்புக்கு என்ன பொருள்?

இறந்தவர்களுக்கு ஏது உரிமை, எந்த மண்ணும் யாரோ ஒருவருடையதாக இருந்ததுதானே, அப்படிப் பார்த்தால் எவரும் அடிக்கல் நாட்ட முடியாதே என்பார்கள். பாதி உண்மை. நான் சொல்லும் கடன் வீடு கட்டாமல் விடுவதல்ல, அறிந்து கட்டுவது: பண்ணையின் பழைய பெயரைக் காப்பது, கல்லறைக்குப் போகும் பாதையை அடைக்காதிருப்பது. வெளியூராரை விரட்ட நினைவை ஆயுதமாக்குவார்கள் என்ற அச்சம் அந்த ஆட்சேபத்தைவிடக் கனமானது. அதற்கு வேல்ஸ் மரபிலேயே பதில் உண்டு. பொதுநிலத்தில் ஒரே இரவில் வீடெழுப்பி, விடிவதற்குள் புகைபோக்கியில் புகை எழச் செய்தவருக்கு அந்த இடம் சொந்தம் என்று ஏழைகள் நம்பினார்கள். சட்டம் ஏற்காத நம்பிக்கைதான். ஆனால் அதில் உரிமை பிறப்பால் வரவில்லை. உழைப்பாலும், அந்த இரவில் தோள்கொடுத்தவர்களாலும் வந்தது. புதிதாக வருகிறவருக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.