கை மாறிய ஓலை

பிரிந்துபோன காதலர்கள் வருஷங்கள் கழித்து நண்பர்களாக முடியுமா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. முடியாது, சாம்பலுக்கடியில் நெருப்பு இருக்கும் என்பது ஒன்று. முடியும், காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்பது மற்றது. இரண்டும் சூட்டைப் பற்றியே பேசுகின்றன. நியாயத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

1925ல் மார்பர்க்கில் மாணவியாக இருந்த ஹன்னா ஆரெண்ட் தன் ஆசிரியர் ஹைடெக்கரைக் காதலித்தார். 1933ல் ஹைடெக்கர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். யூதரான ஆரெண்ட் அதே வருஷம் நாட்டைவிட்டு ஓடினார். 1950ல் ஃப்ரைபர்க் போனபோது மறுபடி சந்தித்தார். 1975ல் ஆரெண்ட் இறக்கும்வரை, இடைவெளிகளோடு, அந்த நட்பு இருந்தது. ஹைடெக்கர் தன் தவறைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்ளவில்லை. அங்கே ஒப்புக்கொள்ளாததுதான் குறை. நம் காவியத்தில் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு குறை இருக்கிறது.

மதுரைச் சமவெளி மருத நிலம். மருதத்துக்கு உரியது ஊடல். ஊடல் தீர்ந்தால் கூடல். கூடவும் முடியாமல் பகைக்கவும் முடியாமல் நிற்கிற இருவருக்கு இலக்கணத்தில் திணை இல்லை. ஆனால் சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி இறுத்த காதை இருக்கிறது. மதுரைக்குப் போகும் வழியில் கோவலனைத் தேடி வந்த கோசிகமாணிக்கு, உருமாறிப்போன ஆளை அடையாளம் தெரியவில்லை. வாடிய குருக்கத்திக் கொடியிடம் மாதவியின் துயரத்தைச் சொல்லிப் பார்க்கிறான். கோவலன் அருகே வருகிறான். புகாரில் மாதவியின் முதல் ஓலையை வாங்க மறுத்தவன், இந்த ஓலையைப் பிரித்துப் படிக்கிறான். குற்றம் அவளுடையதல்ல, தன்னுடையது என்று தெரிகிறது. சோர்வு நீங்குகிறது.

கோவலன் திருந்தினான் என்று பட்டிமன்றங்களில் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவன் அடுத்துச் செய்வதைக் கவனிக்க வேண்டும். இந்த வாசகம் என் பெற்றோருக்கும் பொருந்துகிறது, அவர்களிடம் சேர்த்துவிடு என்று அதே ஓலையைத் திருப்பித் தருகிறான். மாதவிக்கு ஒரு சொல் இல்லை. அவள் வேதனை அவனுடைய மன்னிப்புக் கடிதமாகிவிட்டது.

நானும் இதைச் செய்திருக்கிறேன். பத்தொன்பது வருஷங்களுக்கு முன் பிரிந்தவளைப் போன மாசியில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மேலூர் வண்டி கிளம்பும்வரை டீ குடித்தபடி பேசினோம். குழந்தைகள், சர்க்கரை வியாதி, வேலை மாற்றல். பழைய ‘நீ’ இப்போது ‘நீங்க’ ஆகியிருந்தது. நண்பர்களாகிவிட்டோம் என்று எனக்குள் ஒரு திருப்தி. எழுந்திருக்கும்போது சொன்னாள்:

“உங்க புஸ்தகத்தை வாசிச்சேன். தெப்பக்குளம் கவிதையில கடைசி ரெண்டு வரி என் லெட்டர்ல உள்ளது. அந்த லெட்டருக்கு நீங்க பதிலே போடலை.”

கோபமில்லை. பால் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த வரிகளை நண்பர்கள் பாராட்டியிருக்கிறார்கள். பிழை என்னுடையது என்று எனக்கு எப்போதோ தெரியும்; அந்தக் கவிதையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒப்புக்கொண்டது வாசகர்களிடம். என்னை மன்னிக்க அவர்களுக்கு என்ன இருக்கிறது? எழுதுகிறவர்களுக்கு இது மிகவும் சௌகரியமான தப்பித்தல். கடன் கொடுத்தவரை விட்டுவிட்டு ஊருக்கெல்லாம் திருப்பிக் கொடுக்கிறோம். ஊரும் கைதட்டுகிறது.

காதல் ஆறினால் தானாக நட்பாகிவிடும் என்று நான் இப்போது நம்பவில்லை. கொடுக்காமல் விட்டதைக் கொடுத்த பிறகு, மற்றவர் விரும்பினால், அது தொடங்கலாம். தொடங்கிவிட்டது என்று அறிவிக்கிற உரிமை கடன்பட்டவனுக்குக் கிடையாது.

பதில் எழுதினேன். கவிதை நடை புகுந்துவிடுகிறது என்று நாலு தடவை கிழித்துப்போட்டு, ஐந்தாவது தடவை எழுதினதைத் தபாலில் சேர்த்தேன். அடுத்த பதிப்பில் அந்த இரண்டு வரிகள் இருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறேன்.

இன்னும் பதில் வரவில்லை. வர வேண்டிய கட்டாயமும் இல்லை.