தாடி வைத்த வீனஸ்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருவரங்குளம் கோயிலுக்குப் போனால் கூட்டமெல்லாம் அம்மன் சன்னதியில்தான். அரதீர்த்தேஸ்வரர் அந்த நேரத்தில் கொஞ்சம் தனியாக இருப்பார். பெரியநாயகிக்குப் பூ, மஞ்சள், எலுமிச்சம்பழ விளக்கு. திரும்பும் வழியில் நவக்கிரகத்தைச் சுற்றுகிறவர்கள் சுக்கிரன் முன்னால் ஒரு நொடி கூடுதலாக நிற்பார்கள். அவருக்கு வெள்ளைத் துணி, மொச்சைப் பயறு. அது அவருடைய கிழமை.

அப்படியென்றால் அது ஏன் அம்மனுடைய கிழமையாகவும் இருக்கிறது? (செவ்வாயும் அம்மனுக்குத்தான். அது வேறு கதை.) இந்தக் கேள்வி எனக்கு பக்தியால் வந்ததல்ல, என் சித்தி மகளின் ஜாதகத்தால் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் வானத்திலிருக்கும் அந்தப் புள்ளியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சூரியனும் நிலவும் போக, வானத்தில் அதிகம் ஒளிர்கிற கோள் வெள்ளி. மெசபடோமியர்கள் அதில் இனன்னாவைப் பார்த்தார்கள். அவளே பிறகு இஷ்தார், காதலுக்கும் போருக்கும் ஒரே தெய்வம். கிரேக்கர்களுக்கு அவள் அஃப்ரோடைட், ரோமர்களுக்கு வீனஸ். 1480களில் போட்டிச்செல்லி சிப்பியின்மேல் நிற்கவைத்து வரைந்தது அவளைத்தான். 1820இல் மீலோஸ் தீவில் கிடைத்து, பாரிஸ் லூவரில் கைகளில்லாமல் நிற்பதும் அவள்தான் என்கிறார்கள். அந்தச் சிலை உண்மையில் யார் என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் சந்தேகம் உண்டு. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கும்பிட ஆளில்லாமல் போன பிறகுதான் வீனஸ் இவ்வளவு தாராளமாக ஓவியமும் சிலையும் ஆக முடிந்தது என்று நினைக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். திருவரங்குளத்தின் நடராஜர், சதுர தாண்டவத்தில் நிற்கும் சோழர்காலச் செப்புத் திருமேனி, இப்போது டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறார். கலை வரலாற்றுப் புத்தகங்களில் எங்கள் ஊர்ப் பெயர் வருவது அவரால்தான். அங்கே அவருக்கு அபிஷேகம் கிடையாது. பெரியநாயகி ஊரிலேயே இருப்பதால், அவளை யாரும் கலை என்று சொல்வதில்லை.

நம்முடைய சுக்கிரன் கதையோ வேறு. ஆண். முனிவர். அசுரர்களின் குரு. இறந்தவர்களை எழுப்பும் சஞ்சீவினி வித்தை தெரிந்தவர். மகாபலி வாமனனுக்குத் தாரைவார்க்கப் போனபோது, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து, கேட்காமல்போக, வண்டாகிக் கமண்டலத்தின் மூக்கை அடைத்துக்கொண்டு, தர்ப்பையால் குத்தப்பட்டு ஒரு கண்ணை இழந்தவர். தன் மாணவனைக் காப்பாற்றப் பார்த்த வாத்தியார். காலண்டர் படத்தில் வெள்ளைத் தாடியோடு இருப்பார். இந்தக் கதையில் அழகு எங்கே, காதல் எங்கே?

ஆனால் ஜாதகத்தைத் திறந்தால் சுக்கிரன் களத்திரகாரகன். கல்யாணம், மனைவி, அழகு, வாசனைத் திரவியம், சுகம் எல்லாம் அவர் பொறுப்பு. இன்னும் வேடிக்கை, 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் ஜாதகம், சந்திரனையும் சுக்கிரனையும் பெண் கிரகங்கள் என்கிறது. புராணத்தில் தாடி வைத்த முனிவர் ஜாதகத்தில் எப்படிப் பெண்ணானார்?

கடல் வழியாக வந்த பதில் ஒன்று இருக்கிறது. பொது ஆண்டின் முதல் நூற்றாண்டுகளில் கிரேக்க ஜோதிடம் இந்தியாவுக்குள் வந்தது. யவனஜாதகம் என்று பெயரிலேயே யவனர்களை வைத்திருக்கும் சமஸ்கிருத நூல் இருக்கிறது. நம் ஜோசியர்கள் வாயில் சாதாரணமாகப் புழங்கும் 'கேந்திரம்' கிரேக்கத்தின் 'கென்ட்ரான்'தான். கோள்களின் பெயர் கொண்ட ஏழு நாள் வாரமும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததே. இந்தியாவில் கிழமை குறிப்பிடப்பட்ட மிகப் பழைய கல்வெட்டு மத்தியப்பிரதேசத்து ஏரணில் கிடைத்தது, பொ.ஆ. 484. பிரெஞ்சுக்காரர்கள் வெள்ளிக்கிழமையை இன்றும் வீனஸின் நாள் என்றுதான் அழைக்கிறார்கள். ஆக, நவக்கிரகத்தில் வெள்ளைத் துணி கட்டி நிற்கும் குருவுக்குள் ஒரு கிரேக்கப் பெண் ஒளிந்திருக்கிறாள். தாடி வைத்த வீனஸ். வெள்ளிக்கிழமை அம்மனிடம் போய்ச் சேர்ந்ததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். அந்தப் பெண்ணும் ஒரு காரணம் என்று கற்பனை செய்துகொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

இதுவரை எல்லாம் ரசிக்கத்தக்கவை. இனி சித்தி மகளிடம் வருகிறேன்.

அவளுக்கு முப்பது ஆகிறது. ஐப்பசியில் பிறந்தவள். நாலு வருஷமாக வரன் பார்க்கிறார்கள். போட்டோ பிடிக்கும், படிப்பு பிடிக்கும், ஜாதகம் போகும், பதில் வரும்: சுக்கிரன் நீசம். கன்னி ராசியில் சுக்கிரன் இருந்தால் நீசம், பலமிழந்தவர். சிலர் அதோடு நிறுத்துவார்கள். சிலர், இந்தப் பெண்ணிடம் குடும்ப சுகம் இருக்காது என்பதுவரை போவார்கள். ஒருமுறை அதை அவள் காதுபடவே ஒருவர் சொன்னார்.

மென்பொருள் எழுதுகிறவனாக இதை எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன். ஜாதகச் செயலிகளுக்குள் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கோள் எங்கே இருந்தது என்று கணக்கிடுவது. பலரும் பயன்படுத்துவது ஸ்விஸ் எஃபெமெரிஸ். அதன் அடியில் இருப்பது நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி தரும் தரவு, விண்கலம் அனுப்பப் பயன்படுகிற அதே தரவு. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூடப் பிசகாது. இன்னொன்று, ஒரு அட்டவணை. 'கன்னி' என்றால் இந்த வரியைக் காட்டு, 'மீனம்' என்றால் அந்த வரியைக் காட்டு. அவ்வளவுதான். முதல் பகுதியை டெலஸ்கோப் வைத்து யாரும் சோதிக்கலாம். இரண்டாவது யாரோ தட்டச்சு செய்துவைத்த சரம். திரையில் இரண்டும் ஒரே எழுத்துருவில், ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. மேலே இருக்கும் எண்ணின் துல்லியம் கீழே இருக்கும் வாக்கியத்துக்கும் கசிந்துவிடுகிறது. பழைய ஜோசியர் தப்பாகவும் சொல்லலாம் என்று நமக்குத் தெரியும். ஆறு தசம இடம் காட்டும் திரையோடு யார் வாதாடுவது?

இன்னொரு வேடிக்கை. வெள்ளி சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. அதனால் ஆடிப் பிற்பகுதிக்கும் கார்த்திகை நடுவுக்கும் இடையில் பிறந்தவர்களுக்குத்தான் சுக்கிரன் நீசமாக முடியும். தையில் பிறந்த ஒருவருக்குக்கூட அந்தக் குறை வராது. உச்சமோ தை முதல் வைகாசிவரை பிறந்தவர்களுக்குத்தான். அதாவது இது ஒருத்தியின் தனி விதி அல்ல, கோளின் சுற்றுப்பாதை போடும் பருவகால ஒதுக்கீடு.

இதையெல்லாம் ஊரில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். பொருத்தம் பார்ப்பவர், படித்தவர், பொறுமையாகக் கேட்டார். "தம்பி, வேண்டாம்னு சொல்ல நெனைக்கிறவன் எதையாவது வச்சுச் சொல்லத்தான் போறான். கருப்புன்னு சொல்லட்டுமா? காசு இல்லன்னு சொல்லட்டுமா? ஜாதகம் பொருந்தலன்னா யாருக்கும் அவமானமில்ல. கோள் மேல பழியப் போட்டுட்டுப் போயிடலாம்."

லேசில் தள்ளிவிடக்கூடிய வாதமில்லை இது. மனிதர்கள் ஒருவரையொருவர் மறுக்கவேண்டியிருக்கிறது, காயமில்லாமல் மறுக்க ஒரு சொல் வேண்டியிருக்கிறது. ஆனால் அவமானம் மிச்சமாவது மறுக்கிற வீட்டுக்குத்தான். மறுக்கப்பட்டவளிடம் அது தங்கிவிடுகிறது. நிறத்தைச் சொன்னால் சொன்னவன்மேல் கோபப்படலாம். பிறந்த நேரத்தைச் சொன்னால் யார்மேல் கோபப்படுவது? பழி கோள்மேல் விழுவதில்லை. கோளைத் தாண்டி அவள்மேல்தான் விழுகிறது.

கோள்மேல் விழாது, ஏனென்றால் அங்கே வாங்கிக்கொள்ள ஆளில்லை. வீனஸ் என்ற பெயரின் மயக்கத்தில் ஐரோப்பியர்களும் கொஞ்சகாலம் இருந்தார்கள். அந்த வெள்ளை மேகங்களுக்குக் கீழே சொட்டச் சொட்ட ஈரமான சதுப்புக் காடு இருக்கும் என்று நோபல் பரிசு பெற்ற அரேனியஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார். இருந்ததோ ஏறக்குறைய 465 டிகிரி செல்சியஸ் சூடு, பூமியைப்போல 90 மடங்குக்கு மேல் காற்றழுத்தம், கந்தக அமில மேகம். ஈயம் உருகிவிடும். 1975இல் சோவியத்தின் வெனேரா 9 அங்கே இறங்கி, வேற்றுக்கோளின் தரையிலிருந்து முதல் படத்தை அனுப்பியது. அதன் இரண்டு கேமராக்களில் ஒன்றின் மூடி திறக்கவே இல்லை. சுக்கிரனைப் பார்க்கப் போனதும் ஒற்றைக் கண்ணோடுதான் பார்த்தது. 1982இல் வெனேரா 13 அங்கே 127 நிமிடம் தாக்குப்பிடித்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் பெயரை யாரும் எடுக்கவில்லை. அந்தக் கோளின் மலைகளுக்கும் பள்ளங்களுக்கும், மூன்றே விதிவிலக்குகள் தவிர, பெண்கள், தேவதைகள் பெயர்தான் வைக்கிறார்கள். லட்சுமி பீடபூமி என்று ஒன்று இருக்கிறது. 1886இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷி பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பெயர்களால் யாருக்கும் கல்யாணம் நின்றதில்லை.

சுக்கிரன் ஒருவர் வாழ்க்கையை நிஜமாகவே கெடுத்ததென்றால் அது லெ ஜென்டிலுக்குத்தான். சூரியனுக்கு முன்னால் வெள்ளி கடந்துபோவதை அளந்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்கலாம். அதற்காக 1760இல் பிரான்சிலிருந்து பாண்டிச்சேரிக்குக் கிளம்பினார். வந்துசேர்வதற்குள் ஊரை ஆங்கிலேயர்கள் பிடித்துவிட்டார்கள். 1761 கடப்பை ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்ததற்கு எட்டு வருஷம் காத்திருந்தார். 1769 ஜூனில், பாண்டிச்சேரியில், அன்று காலை மேகம். ஊர் திரும்பினால் இறந்துவிட்டதாக முடிவுகட்டி சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

காத்திருந்த காலத்தில் அவர் உருப்படியாக ஒன்று செய்தார். பாண்டிச்சேரித் தமிழர் ஒருவரிடம் நம்மூர்க் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். சோழிகளை நகர்த்தி, மனப்பாடமான வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்துப் போடும் கணக்கு. 1765 ஆகஸ்ட் சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்திருந்தது, ஐரோப்பாவின் மேயர் அட்டவணை 68 விநாடி கூட்டியிருந்தது. அந்த வாக்கியக் கணக்கின் வாரிசுதான் இன்றும் புதுக்கோட்டைப் பக்கம் கடைகளில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கம்.

ஆனால் வானம் வாக்கியங்களுக்காக நிற்பதில்லை, நூற்றாண்டுகளில் பிழை சேர்கிறது. சென்னை வானாய்வகத்தில் வேலைபார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி இதைச் சொன்னார். மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர், 1874 வெள்ளிக் கடப்பை ஒட்டிப் பொதுமக்களுக்காக உரையாடல் வடிவில் சிறு நூல் எழுதியவர். பார்வைக்கு ஒத்துவரும் கணக்கில் பஞ்சாங்கமும் போட்டார். நாம் திருக்கணிதம் என்பது அந்த வகை.

சித்தி மகளின் சுக்கிரன் வாக்கியப்படி கன்னியின் கடைசிப் பாகையில் இருக்கிறது, நீசம். திருக்கணிதப்படி துலாத்தில் இருக்கிறது. துலாம் சுக்கிரனின் சொந்த வீடு, ஆட்சி. ஒரே பெண், ஒரே நிமிடம், ஒரே கோள். அந்த எல்லைக்கோடும் வானத்தில் போடப்பட்டதல்ல. 1950களில் மேக்நாத் சாகா தலைமையில் அரசு அமைத்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு ராசிகளின் தொடக்கத்தைத் தீர்மானித்தபோது, துலாத்தின் வாசல் ஏறக்குறைய சித்திரை விண்மீனில் வந்து நின்றது. ஒரு குழுவின் தீர்மானத்தில் அவள் வாசலுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

சித்தி கேட்டார். "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே, திருக்கணிதத்துல ஒண்ணு போட்டுக் குடுப்பா."

போட்டுக்கொடுத்தால் அதில் பொய் ஒன்றுமில்லை. எண் சரி. ஆனால் அதைக் கொடுப்பது, நீசமென்றால் மறுக்கலாம் என்ற விதியில் நானும் கையெழுத்துப் போடுவது. கொடுக்கவில்லை என்றால் என் கொள்கை சுத்தமாக இருக்கும், விலையை அவள் கொடுப்பாள். அடுத்தவர் செலவில் கொள்கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. அச்செடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அப்ப நெசமாவே கன்னியில இருக்கறவ என்ன அண்ணே பண்ணுவா?" நான் பதில் சொல்லவில்லை. அவளும் தாளைத் திருப்பித் தரவில்லை.

மறுவாரம் தரகர் வந்தார். கட்டத்தைப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அவங்க வீட்ல வாக்கியம்தான் பாப்பாங்க."