மேரி மாலன் செய்த குற்றம் என்ன?

1906-ஆம் ஆண்டு கோடையில், நியூயார்க் அருகே ஆய்ஸ்டர் பே என்ற ஊரில், ஒரு வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேருக்கு டைபாய்டு வந்தது. காரணம் தேடிய சுகாதாரப் பொறியாளர் ஜார்ஜ் சோப்பரின் சந்தேகம், அங்கே சமைத்த மேரி மாலன் மீது விழுந்தது. சூடான உணவில் கிருமி செத்துவிடும். ஆனால் அவர் பீச் பழங்களை நறுக்கிப் போட்டுச் செய்த ஐஸ்கிரீமில் சாகாதே! பரிசோதனைக்கு மல, சிறுநீர் மாதிரி கேட்டு வந்த சோப்பரை மேரி பெரிய முட்கரண்டியோடு துரத்தினார். நோயின் அறிகுறியே இல்லாத அந்த அயர்லாந்துப் பெண்ணுக்கு அந்தச் சந்தேகம் அவமானமாகவே பட்டது.

அறிகுறி இல்லாமலே கிருமியைச் சுமந்து பரப்புகிறார் என்று 1907-இல் அவரைத் தனித்தீவில் அடைத்தார்கள்.

பலர் பிழைக்க ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கலாமா? பெரும்பாலோரின் நலனே அளவுகோல் என்ற தத்துவஞானி பெந்தாம் வழி வந்த பயன்வாதிகள் தயங்காமல் ஆம் என்பார்கள். 1910-இல் இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் விடுதலையான மேரி, பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் சமையலுக்குப் போனார். 1915-இல் அவர் சமைத்த ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்கு நோய், இருவர் இறந்தனர். அந்த இரண்டு உயிர்களை மறந்துவிட்டு மேரிக்காக வாதாட முடியாது.

ஆனாலும் கணக்கு அங்கே முடியவில்லை. அவரைப் போல நோயைச் சுமந்த வேறு பலர் வெளியேதான் நடமாடினார்கள். விடுதலைக்குப் பின் மேரி செய்த சலவை வேலையில் கிடைத்த சொற்பக் கூலியை ஈடுகட்ட அரசு ஏதாவது கொடுத்திருந்தால் அவர் அடுப்படிக்குத் திரும்பியிருப்பாரா? ஊர் நலனுக்காக ஒருவரை இழக்கச் சொல்லும் அரசு, அவருடைய சோற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும். மேரி விஷயத்தில் அது நடக்கவில்லை. 1915-இல் மீண்டும் அடைக்கப்பட்டு, 1938-இல் இறக்கும்வரை, மேலும் 23 ஆண்டுகள் அவர் அந்தத் தீவிலேயே வைக்கப்பட்டிருந்தார்.