இரு நகரம் ஒன்றாதல் முறையோ?

அருகருகே வளர்ந்த இரு நகரங்களை ஓர் ஆட்சியின் கீழ்க் கொணர்தல் நன்றா, தீதா என்னும் வினா பெரும்பாலும் வரவு செலவுக் கணக்காகவே பேசப்படுகிறது. அலுவலர் எத்தனை பேர் குறைவர், வரி எவ்வளவு கூடும் என்று எண்ணிப் பார்த்து விடை கூறிவிடுகின்றனர். ஆயினும் அக்கணக்கினுள் அறம் பற்றிய வினாவொன்றும் அடங்கிக் கிடக்கிறது. பெரியதோடு சிறியது சேருங்கால், சிறியது எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுத்தல் ஆகாது? ஐதராபாத்தும் செகந்திராபாத்துமாகிய இரட்டை நகரில் வாழும் தமிழராகிய நமக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று.

ஐதராபாத் 1591-இல் முகம்மது குலி குதுப்ஷா அமைத்த நகரம். செகந்திராபாத் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இளையது. 1798-இல் நிசாம் ஆங்கிலேயரோடு செய்துகொண்ட படை உடன்படிக்கையின் விளைவாக உசேன் சாகர் ஏரிக்கு வடபால் படைவீடு எழுந்தது. 1806-இல் நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரை அவ்வூர் பெற்றது. இன்றும் முதியோர் அதனை 'லஷ்கர்' என்றே அழைப்பர். மதராஸ் படையோடும், படையை ஒட்டிய வாணிகத்தோடும் வந்த தமிழர் பலர் இவ்வடகரையிலேயே குடியமர்ந்தனர். 1862-இல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளியே மகபூப் கல்லூரியாக வளர்ந்தது. சிகாகோவுக்குச் செல்லுமுன், 1893 பிப்ரவரியில், விவேகானந்தர் உரையாற்றியது அங்கேதான்.

1950-இல் இரு நகரங்களும் தனித்தனி மாநகராட்சிகள் ஆயின. பத்தே ஆண்டுகள்! 1960-இல் செகந்திராபாத் மாநகராட்சி ஐதராபாத்தோடு இணைக்கப்பட்டது. 2007-இல் சுற்றியிருந்த 12 நகராட்சிகளும் 8 ஊராட்சிகளும் அதனுடன் சேர, பெருமாநகராட்சி பிறந்தது.

இணைப்பை ஆதரிப்போர் கூறுவனவற்றுள் தலையாயது தண்ணீர். உசேன் சாகர் குடிநீர் தந்த காலம் மலையேறிவிட்டது. மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி என்று தொலைவிலுள்ள ஆறுகளிலிருந்து நீர் கொணர வேண்டியுள்ளது. இரு நகரங்கள் தனித்தனியே குழாய் பதித்துக் கொள்வது இயலுவதோ? ஒரு நகரின் கழிவு மற்றதன் எல்லையில் வந்து நில் என்றால் நிற்குமோ? இவற்றில் பிரிவினை பேசுவது அறிவுடைமை ஆகாது.

பிரிவினையின் கேட்டைத் தலைநகர் தில்லி நமக்குக் காட்டியது. 2012-இல் அதன் மாநகராட்சியை வடக்கு, தெற்கு, கிழக்கு என மூன்றாகப் பிரித்தனர். நிருவாகம் மக்களை நெருங்கும் என்பது காரணம். வளமிக்க குடியிருப்புகளின் வரி தெற்கோடு நின்றது. கிழக்கிலோ துப்புரவுப் பணியாளர் ஊதியம் காலத்தில் கிடைக்காது வேலை நிறுத்தம் செய்தனர். குப்பை சாலையில் குவிந்தது. 2022 மே மாதத்தில் மூன்றும் மீண்டும் ஒன்றாயின. 'எங்கள் வரி எங்களுக்கே' என்னும் சொல் கேட்பதற்கு நேர்மையுடையது போலத் தோன்றும். ஆனால் செல்வர் தெருவைக் கூட்டுபவர் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டால் அந்நேர்மை சற்றே நாணும்.

எனின், இணைப்பே எங்கும் நன்று என்று துணியலாமோ? கருநாடகத்தில் ஹூப்ளியும் தார்வாடும் 1962-இல் ஒரே மாநகராட்சி ஆயின. ஹூப்ளி வாணிக நகர்; தார்வாட் கல்வி நகர், இசைவாணர் பலரை ஈன்ற ஊர். வளர்ச்சி யாவும் ஹூப்ளிக்கே போகின்றது என்ற மனக்குறை தார்வாடில் ஆறாமலே இருந்து வந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2025 சனவரியில், தார்வாடுக்குத் தனி மாநகராட்சி அமைக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஒரு தலைமுறை ஒன்றாக வாழ்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்க்கு இது தக்க விடை.

அலுவலகக் கோப்புகளோடு நாளும் உறவாடும் நம் போன்ற எழுத்தர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். இரு பிரிவுகளை ஒன்றாக்குக என ஆணை வரும். முதலில் எழுவது பணிமூப்புப் பட்டியல் பற்றிய வழக்கு. எவ்விதி கொண்டு கோத்தாலும் எவரோ சிலர் கீழே இறங்குவர். இறங்குவோர் பெரும்பாலும் சிறிய பிரிவினரே. அவர்தம் பதிவேடுகள் பரண் ஏறும். பழைய வழக்கங்களைக் கேட்பாரில்லை. எவரும் தீமை கருதிச் செய்வதன்று. பெரிய பிரிவின் பழக்கமே 'நடைமுறை' எனப் பெயர் பெற்றுவிடுகிறது, அவ்வளவே. நகரங்கள் சேரும்போதும் நிகழ்வது இதுதான்.

சிலப்பதிகாரத்துப் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக இருந்ததைத் தமிழ் கற்றோர் அறிவர். ஒன்றில் வணிகரும் கைவினைஞரும் அயல்நாட்டாரும். மற்றொன்றில் அரசனும் பெருங்குடியினரும். இரண்டிற்கும் நடுவே சோலையில் நாளங்காடி கூடிற்று. இரு பாக்கங்களும் தத்தம் பெயரோடும் இயல்போடும் விளங்கின. நகரம் புகார் ஒன்றே. நம் ஏரியின் இரு கரைகளையும் காணும்போதெல்லாம் நமக்கு அந்த நாளங்காடி நினைவுக்கு வருகிறது. (அங்கே சோலை இருந்தது, இங்கே போக்குவரத்து நெரிசல் இருக்கிறது என்பது வேறு.)

சட்டம் எட்டாத இடங்களில் செகந்திராபாத் தன்னைக் காத்துக்கொண்டே வந்துள்ளது. ஆடித் திங்களின் போனாலு விழா இன்றும் கோல்கொண்டாவில் ஒரு ஞாயிறு, உஜ்ஜயினி மகாகாளி கோயிலில் லஷ்கர் போனாலு வேறொரு ஞாயிறு, பழைய நகரில் மற்றொரு ஞாயிறு என்றே நடைபெறுகிறது. மாநகராட்சி இணைந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1966-இல் தென்மத்திய இரயில்வே தோன்றியபோது அதன் தலைமையிடம் செகந்திராபாத் என்றே குறிக்கப்பெற்றது. ஊரிலிருந்து வரும் உறவினர் நம்மைத் தேடி இறங்குவதும் அப்பெயர்ப் பலகையின் கீழேதான்.

ஆகவே கருவூலமும் தண்ணீரும் கழிவுநீரும் பொதுவாக இருக்கட்டும். அதில் நமக்கு ஐயமில்லை. பெயரும், நடந்து சென்று எட்டக்கூடிய அலுவலகமும், கேட்பதற்கு ஒரு செவியும் சிறிய ஊர்க்கு உரியவை. அவை இணைப்புக்கு விலையாகக் கேட்கப்படலாகா. இணைவதற்கு முன் சிறிய ஊரின் மக்களைக் கேட்பதும் கடமை. அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு, ஆட்சேபத்துக்கு நாள் குறிப்பதைக் கேட்டல் என்று கொள்ள நம் மனம் ஒப்பவில்லை. அரசிதழை விலை கொடுத்து வாங்கிப் படிக்கும் குடும்பத்தை நாம் இதுவரை கண்டதில்லை.

1960-இன் இணைப்பு தொடாமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அது செகந்திராபாத் கன்டோன்மென்ட். அதன் குடிமக்கள் வாழும் பகுதிகளை மாநகராட்சியோடு சேர்க்கும் முயற்சி அண்மை ஆண்டுகளில் எழுந்தது. நம்மவர் குடும்பங்கள் பல அங்கே மூன்று, நான்கு தலைமுறையாக வாழ்கின்றன. இணைப்பு வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் அவர்களுள் உளர். இரு சாராரும் அதிகாரிகளிடம் கேட்க வேண்டியவை சிலவே: பிறப்புச் சான்றுக்கு எங்கே செல்வது? குழாயில் தண்ணீர் வரவில்லையெனில் எவர் கதவைத் தட்டுவது? அந்தக் கதவு நம் வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு?