பீதாம்பரம் தரித்த பூச்சி



சங்கரன்கோவில் ஸ்தல வரலாறு அன்பர்கள் அறிந்ததே. சங்கன், பதுமன் என்னும் இரு நாகராஜர்கள், சிவபெருமான் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதிட்டனர். கோமதியம்மை தவமிருக்க, ஆடித் திங்கள் உத்திராட நன்னாளில் இருவரும் ஒரு திருமேனியாய்ச் சங்கரநாராயணராகக் காட்சி தந்தருளினர். ஏட்டில் படித்த இத்தத்துவத்தை அடியேனுக்கு மீண்டும் உணர்த்தியது ஒரு சிற்றுயிர்.

ஓர் ஆடிச் சாரலில், குற்றாலத்தை அடுத்த மலையடிவாரத் தோப்பொன்றுக்குச் சென்றிருந்தேன். வேலியில் படர்ந்த ஈச்வரமூலிக் கொடியில், உடலெங்கும் முட்போன்ற சதைக்கூம்புகளுடன் ஒரு புழு இலையைத் தின்றுகொண்டிருந்தது. அருவருப்புற்று, குச்சியால் அதனைத் தள்ள முற்பட்டேன். அங்கு வேலை செய்திருந்த மூதாட்டி, “வேண்டாம் சாமி! பறவை மாதிரி பறக்குமே, அந்தப் பூச்சியோட பிள்ளை இது” என்று தடுத்து, மேலே கைகாட்டினாள்.

மரவுச்சியில் மெல்ல மிதந்து சென்றது ஒரு வண்ணத்துப்பூச்சி. பொன்னழகி என்பர். தென்னாட்டு மலைக்காடுகளுக்கே உரியது. சிறகை விரித்தால் 14 முதல் 19 சென்டிமீட்டர் அகலம். முன்சிறகு கார்மேகக் கறுப்பு, பின்சிறகு பொன்மஞ்சள். கார்மேனியில் பீதாம்பரம் தரித்தாற்போன்ற அக்காட்சி கண்டு கைகூப்பினேன். குச்சி கீழே விழுந்தது.

தாய்ப்பூச்சி உண்பதோ மலர்த்தேன். ஆயினும் முட்டையிட இக்கொடியினத்தையே நாடுகிறது. கால்களாலேயே இலையின் சுவையறிந்து, தக்க இலையில் முட்டையிட்டு அகல்கிறது. அவ்விலையின் நஞ்சு புழுவின் உடலில் தங்கி, பறவைகள் அதனை உண்ணாதபடி காக்கிறது. புழு தன் தாயைக் கண்டதில்லை. தாயின் ரக்ஷணமோ அதனைச் சூழ்ந்தே இருக்கிறது. எம்பெருமான் நம்மைக் காப்பதும் இவ்வாறன்றோ!

மற்றொன்றையும் சிந்திப்பீர். ஈச்வரன் பெயர் தாங்கிய கொடியை உண்டே இப்பீதாம்பரச் சிறகு வளர்கிறது. சங்கனும் பதுமனும் இதனைக் கண்டிருப்பின் வாதம் அன்றே ஓய்ந்திருக்கும்.

ஆதலின், திருவிழா முடிந்து அருவியாடச் செல்லும் அன்பர்களே! மருந்துக்கென்று அக்கொடியை வேரோடு பறியாதீர். புழுவென்று எதனையும் இகழாதீர். அடியேன் செய்யவிருந்த அபசாரம் உங்களுக்கு நேராதிருக்கட்டும்.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.