ஆசிரியர் பங்கீடும் நமது மனச்சாட்சியும்



ஒரு பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர் போதும்? இது கல்வித் திணைக்களத்தார் தீர்க்கவேண்டிய கணக்கு என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். சற்று ஊன்றிப் பார்த்தால் இது கணக்கு மட்டுமன்று, நீதி பற்றிய வினா என்பதும், அதற்கு விடைகூறும் பொறுப்பு நமக்கும் உண்டென்பதும் புலனாகும்.

முதலிற் கணக்கையே பார்ப்போம். 2020ஆம் ஆண்டில் இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகளில் ஏறத்தாழ 40 இலட்சம் மாணவரும் இரண்டரை இலட்சம் ஆசிரியரும் இருந்தனர். சராசரியாக 16 மாணவருக்கு ஓர் ஆசிரியர். கேட்பதற்கு நிறைவான விகிதந்தான். ஆயின், எந்தப் பிள்ளையும் சராசரியிடம் பாடங் கேட்பதில்லை. வன்னியின் உட்கிராமம் ஒன்றில் 100 பிள்ளைகளுக்கு 10 ஆசிரியர் இருக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் இது தாராளம். ஆனால் அப்பத்துப் பேரில் கணித ஆசிரியர் ஒருவர் இல்லையெனின், அங்குள்ள பிள்ளைக்கு அந்தத் தாராளத்தால் ஆவதென்ன? க.பொ.த. சாதாரண தரத்திற் கணிதம் கட்டாய பாடம். அதிற் சித்தியெய்தாதவனுக்கு மேற்படிப்பும் தொழிலும் தூரமாகிவிடுகின்றன.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஆசிரியர் பலர் வெளிநாடு சென்றனர். அவ்வாண்டின் முடிவில் 60 வயது நிரம்பிய அரசாங்க ஊழியர் பலர் ஒருங்கே ஓய்வுபெற்றனர். ஏற்கெனவே இருந்த குறை இவற்றால் மேலும் வளர்ந்தது.

நீதி என்பது எல்லாருக்கும் ஒரேயளவு கொடுப்பதா? பொதுவான நன்மைகளைப் பங்கிடும்போது அவரவர் நிலைக்கேற்ற விகிதமே சமத்துவம் என்றார் அரிஸ்டோட்டில். புனித தோமா அக்குவினாசும் இக்கருத்தை ஏற்று விரித்துரைத்தார். இதனை வகுப்பறைக்குப் பொருத்திப் பாருங்கள். வீட்டிற் புத்தகமும், படித்த தாய் தகப்பனும், மாலையில் ரியூசனும் உள்ள பிள்ளை, ஆசிரியர் ஒரு தவணை வராவிட்டாலும் ஒருவாறு சமாளித்துக்கொள்ளும். கூலிவேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளைக்குப் பாடசாலையை விட்டால் வேறு கதியில்லை. இல்லாதவனுக்குக் கூடுதலாகக் கொடுப்பது தருமம் அன்று. அவனுக்குச் சேரவேண்டிய பங்கு அது.

பாடம் மட்டும் போதாது. போரிற் தகப்பனை இழந்த பிள்ளையும், அடிக்கடி வராமல் நின்றுவிடும் பிள்ளையும், வகுப்பிற் பேசாமலே இருக்கும் பிள்ளையும் நம் பாடசாலைகளில் உண்டு. ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஒருவர் வேண்டும். ஆலோசனை வழிகாட்டலுக்கென ஓர் ஆசிரியர் பெயர் குறிக்கப்பட்டிருக்கலாம். அவரே முழுநேரமும் பாடம் எடுக்க வேண்டியவராயின், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்?

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. அன்று தொட்டு அவற்றுக்கு ஆசிரியரை அனுப்புங் கடமையும் அரசினுடையதே. அதை வற்புறுத்திக் கேட்க நமக்கு உரிமையுண்டு. ஆனால் அத்தோடு நமது கணக்குத் தீர்ந்துவிடுமா?

நம் குடும்பங்களில் ஆசிரியர் இல்லாத குடும்பம் அரிது. மகளுக்கு முல்லைத்தீவில் நியமனம் கிடைத்தால், அன்றே இடமாற்றத்துக்கு யாரைப் பிடிக்கலாம் என்று யோசிக்கிறோம். அவள் பக்கத்திலும் நியாயம் உண்டு. கைக்குழந்தையை விட்டுவிட்டு 100 கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் அலைவதும், தங்க நல்ல விடுதியின்றித் தவிப்பதும் இலேசான காரியமல்ல. ஊருக்குத் திரும்ப விரும்புவது பாவமன்று. உரிய காலம் சேவைசெய்து, பதிலுக்கு ஒருவர் வந்தபின் திரும்புவது முறை. சிபாரிசினால் இடையிற் கழன்றுகொண்டு, வெறும் நாற்காலியை விட்டுவருவதே அநீதி. அந்த நாற்காலியின் முன்னால் 30 பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சிபாரிசு பேச எவருமில்லை.

ஆகவே, பெற்றோரே, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குச் செல்லும்போது எத்தனை ஆசிரியர் என்று மட்டும் கேளாதீர்கள். எந்தப் பாடத்துக்கு ஆளில்லை என்று கேளுங்கள். தூர இடத்து ஆசிரியர் உங்கள் ஊருக்கு வந்தால், தங்க ஓர் அறை தேடிக்கொடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, வாரத்தில் இரு நாட்களேனும் பக்கத்துப் பாடசாலைக்கு உதவ முடியுமா என்று அதிபரிடம் வினவுங்கள். இடமாற்ற விண்ணப்பத்திற் கையெழுத்திடும் ஆசிரியரே, ‘எனக்குப் பின் இவ்வகுப்புக்கு யார்?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் வேண்டுமென்பது இயல்பான ஆசை. அயலான் பிள்ளைக்கும் அவ்வாறே கிடைக்கவேண்டுமென நினைக்கும்போதுதான் அந்த ஆசை நீதியாகிறது.