விட்டவன் விழுக்காடு

சிக்கனம் என்னும் சொல்லை நாம் இரண்டு குரல்களில் சொல்கிறோம். பிறர் வீட்டுச் சிக்கனத்தைக் குறிக்கும்போது அதில் ஓர் ஏளனம் கலந்துவிடுகிறது. நம் வீட்டுச் சிக்கனத்தைக் குறிக்கும்போது அதுவே அறமாகி நிமிர்ந்து நிற்கிறது. அயல்நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இச்சொல் நாள்தோறும் புழங்குகிறது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, ஊரிலிருக்கும் பெற்றோர்க்கு மாதந்தோறும் அனுப்பும் தொகை ஆகிய அனைத்தும் போக, நாம் விரும்பியபடி குறைக்கக்கூடிய செலவு ஒன்றே எஞ்சுகிறது. அது அடுக்களைச் செலவு. வரியைக் குறைக்க இயலாது, வட்டியைக் குறைக்க இயலாது, சமையலைக் குறைக்கலாம். ஆகவே சிக்கனப் பேச்சு எழுந்தவுடன் வீட்டார் கண்களெல்லாம் அடுக்களையை நோக்கித் திரும்புகின்றன. அங்கே நிற்பவர் யார், குறைக்கப்படும் சோறு யாருடைய தட்டிலிருந்து குறைகிறது என்னும் வினா மட்டும் எழுவதேயில்லை.

அவ்வினாவை எழுப்பிப் பார்ப்பதற்கு நாம் செல்லவிருக்கும் இடம் சிலருக்கு வியப்பளிக்கலாம். செல்வத்திற்குப் பெயர்பெற்ற திருமலைக்கும் சிக்கனத்திற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகக் குறித்த வேங்கட மலை அது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. ஆட்சியெல்லைகள் எவ்வாறு மாறினும், அக்கோயிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழிலேயே இருக்கின்றன. ஓர் அடுக்களையை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதற்கு அவற்றைவிட விரிவான பழஞ்சான்று தமிழில் மிக அரிது.

அம்மலையில் உறையும் பெருமாளே கடன்பட்டவர் என்பது பக்தர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பத்மாவதியை மணப்பதற்குக் குபேரனிடம் கடன் வாங்கினார். உண்டியலில் விழும் காணிக்கையைக்கொண்டு இன்றும் வட்டி செலுத்தி வருகிறார் என்பர். திருமணச் செலவுக்காகக் கடன்பட்ட தெய்வத்தைத் தமிழ்க் குடும்பங்கள் தம்முள் ஒருவராகவே எண்ணியதில் வியப்பில்லை. அவருக்குப் படைக்கும் உணவைப் பற்றியும் ஒரு மரபு உண்டு. கருவறை வாயிலில் உள்ள குலசேகரன் படியைக் கடந்து உள்ளே செல்வது, நாள்தோறும் புதிதாகக் கொணரும் மண்சட்டியின் ஓட்டில் இட்ட தயிர்ச்சோறு மட்டுமே என்பர். மண்ணால் மலர் செய்து வழிபட்ட குயவர் குறும்பறுத்த நம்பியின் கதையை இதனோடு சேர்த்துச் சொல்வதும் உண்டு.

இதைக்கொண்டு எளிமையே இறைவனுக்கு உகந்தது என்று முடித்துவிடலாம். மேடைகளில் அவ்வாறே முடிப்பார்கள், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அதே கோயிலின் மடைப்பள்ளியில் நாள்தோறும் உருகும் நெய்யை எண்ணிப் பார்த்தால் அம்முடிபு நிற்காது. அங்கே லட்டு செய்வதற்கென ஒரு பொருட்பட்டியல் உண்டு. அதற்குத் ‘திட்டம்’ என்றே பெயர். 1950இல் வகுக்கப்பெற்று 2001இல் திருத்தப்பெற்ற அத்திட்டத்தின்படி 5,100 லட்டுகளுக்கு 180 கிலோ கடலை மாவு, 400 கிலோ சர்க்கரை, 165 கிலோ நெய், 30 கிலோ முந்திரி, 16 கிலோ உலர்ந்த திராட்சை, 8 கிலோ கற்கண்டு, 4 கிலோ ஏலக்காய் சேரவேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு லட்டுக்கு 32 கிராம் நெய் வருகிறது. இதனை எவரும் சிக்கனம் என்று சொல்லார். ஆயினும் அங்கே ஒரு பிடி முந்திரிகூடக் கணக்குக்கு வெளியே இல்லை.

குறைவு வேறு, அளவு வேறு என்பதை இங்கேதான் நாம் காண்கிறோம். நம் முன்னோர் போற்றியது அளவைத்தான். படி என்பது ஒரு முகத்தலளவை. கோயிலில் நாள்தோறும் வழங்கவேண்டிய பொருளின் ஒழுங்கு படித்தரம். உயிர்களுக்கு உணவளிக்கும் இறைவனைப் படியளப்பவன் என்கிறோம். அள்ளிக் கொடுப்பவன் என்னாமல் அளந்து கொடுப்பவன் என்று சொன்ன நம் மொழியின் நுட்பத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். வள்ளுவர், வருவாய் சிறிதாயினும் செலவின் வழி அகலாதவரை கேடில்லை என்னும் கருத்தை ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் வைத்தார். பகைவனோடு மோதுமுன் தன் வலிமையை அறியவேண்டிய அரசனுக்குரிய அதிகாரம் அது. செலவின் அளவை அறிவதும் அவ்வாறே ஒரு வலிமை என்பது அவர் கருத்தாகலாம்.

இனி, அக்கல்வெட்டுகளுக்கு வருவோம். 1930களில் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் மிகப் பல, உணவுக்கு வைத்த அறக்கட்டளைகள். விசயநகர வேந்தர் காலத்தில் ஒருவர் கோயிற் பண்டாரத்தில் பொன் செலுத்துவார். அப்பொன்னைக் கொண்டு கோயிலுக்குரிய ஊர்களில் ஏரி வெட்டுவர், கால்வாய் திருத்துவர். அதனால் கூடுதலாக விளையும் நெல்லைக் கொண்டு அவர் பெயரால் திருப்போனகமோ, அப்பப்படியோ, அதிரசப்படியோ, வடைப்படியோ நடைபெறும். கொடுத்த பொன்னை அப்படியே உலையில் போட்டுவிடாமல் நிலத்தில் போட்டு விளைவித்துப் பின் உலையில் இட்ட அந்த முன்னறிவை இன்றைய முதலீட்டு ஆலோசகர்களும் மதிப்பார்கள். எத்தனை மரக்கால் அரிசி, எத்தனை நாழி நெய், எவ்வளவு பயறு, உப்பு, மிளகு என்றெல்லாம் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

நம் நெஞ்சை ஈர்ப்பது அதன்பின் வரும் பங்கீடு. படைத்த உணவில் நாலில் ஒரு பங்கு, அக்கட்டளையை வைத்தவர்க்கு உரியது. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். இன்று நூற்றுக்கு இத்தனை என்னும் பொருளில் நாம் எழுதும் விழுக்காடு என்னும் சொல், அங்கே ஒருவர்க்கு வந்து விழும் பங்கைக் குறிக்கிறது. கொடுத்தவர் பெருந்தன்மையோடு ஒதுங்கி நிற்பார், எஞ்சினால் எடுத்துக்கொள்வார் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. உணவுக்கு வழிசெய்தவரின் பங்கு முதலிலேயே அளவில் சேர்க்கப்பட்டது, கல்லில் எழுதப்பட்டது.

அப்பங்கைப் பெற்றவர்கள் அதனை என்ன செய்தார்கள்? 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாளுவ நரசிம்மன் தனக்குரிய விழுக்காட்டை இராமானுச கூடம் என்னும் உணவுச்சாலைக்கு அளித்தான். மலையேறி வந்த வைணவ அடியார்கள் அங்கே உண்டனர். எல்லார்க்கும் திறந்த பந்தி அன்று இருந்ததாக நாம் எண்ண வேண்டா. காலத்தின் எல்லைகள் அதற்கும் உண்டு. நாம் இங்கே கருதுவது வேறொன்று. தனக்கென்று ஒரு பங்கு இருந்தமையால் அன்றோ அவனால் அதனை விட்டுக்கொடுக்க முடிந்தது! உரிமை உள்ள பொருளையே ஈகை எனக் கொடுக்க இயலும். பங்கே எழுதப்படாத ஒருவர் பசித்திருந்தால் அதற்கு ஈகை என்று பெயரில்லை.

இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு நம் வீட்டுக்குத் திரும்புவோம். எல்லாரும் உண்டபின் பாத்திரத்தின் அடியில் எஞ்சியதைத் தாய் உண்கிறார். குழம்பு குறைவாக இருக்கும் நாளில் ‘எனக்குப் பசியில்லை’ என்கிறார். நேற்றைய சோற்றை எறிய மனமின்றித் தாமே எடுத்துக்கொள்கிறார். இதனைத் தியாகம் என்று நாம் பாடுகிறோம்; அன்னையர் நாளில் அட்டையும் அனுப்புகிறோம். அவர் தம் பங்கை விட்டுக்கொடுத்தாரா, அன்றி அவருக்குப் பங்கே வகுக்கப்படவில்லையா என்று எவரும் கேட்டதில்லை. வீட்டின் சிக்கனம் பல சமயங்களில் ஒருவருடைய வயிற்றில் மட்டும் நிகழ்கிறது.

நம் பழங்கதைகளும் இதனை உணர்ந்தே இருக்கின்றன. பாரதத்தில் பாண்டவர் பெற்ற அட்சய பாத்திரம் எத்தனை பேர்க்கும் உணவளிக்கும். ஆனால் அன்றைக்குத் திரௌபதி உண்டு முடித்தவுடன் அது வற்றிவிடும். ஆகவே அவள் கடைசியில்தான் உண்ணவேண்டும். பாத்திரத்தின் இயல்பே அவளை இறுதிப் பந்தியில் இருத்திவிட்டது. மணிமேகலை மணிபல்லவத்தில் கோமுகிப் பொய்கையிலிருந்து பெற்ற அமுதசுரபிக்கு இத்தகைய கட்டுப்பாடு இல்லை. ஆதிரை என்னும் இல்லறப் பெண் இட்ட முதற்பிச்சையால் அது நிறைந்தது. காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்த்தது. இரண்டு பாத்திரங்களுள் தமிழ்க் காப்பியத்தின் பாத்திரமே நமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் நம் வீட்டு அடுப்பில் இருப்பது இரண்டுமன்று. அளந்து போட்டால் அளவாகத் தரும் சாதாரணப் பானை.

உணவில் மட்டுமன்றி நேரத்திலும் இந்த அநீதி ஒளிந்திருக்கிறது. டப்பாவில் அடைத்த வெந்த கடலையைவிட உலர்ந்த கடலை மலிவு. ஆனால் முதல்நாள் இரவே ஊறவைக்கவேண்டும், வேகவைக்கவேண்டும். கடையில் விற்கும் இட்டலி மாவைவிட வீட்டில் அரைப்பது மலிவு. அரைக்கவும், கழுவவும், குளிர்நாட்டில் அம்மாவு பொங்குவதற்கு வெதுவெதுப்பான இடம் தேடவும் ஒருவர் வேண்டும். மிச்சப்பட்ட பணத்தின் ஒரு பகுதியை ஒருவர் தம் ஞாயிற்றுக்கிழமையால் கட்டிவிடுகிறார். அவர் வாரம் முழுதும் வெளியே வேலைக்குச் செல்பவராயினும் அந்த ஞாயிறு அவருக்குத் திரும்புவதில்லை. திருமலையில் வகுளமாலிகை அன்னை மடைப்பள்ளியை மேற்பார்ப்பதாகச் சொல்வர். சமைக்கும் கைகள் அங்கே வேறு. நம் இல்லங்களில் மேற்பார்வையும் சமையலும் ஒரே அன்னையின் தலையில் விழுகின்றன. புகழ்பெற்ற அம்மடைப்பள்ளியில் வழிவழியாகக் கரண்டி பிடித்தவர்கள் ஆடவரே என்பதையும், ரசம் வைக்கத் தெரியாது என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் நம் ஆடவர் நினைவிற் கொள்ளலாம்.

சிலர் மறுத்துரைப்பர்: அன்பு நிறைந்த வீட்டில் பங்கு எழுதுவதா? இல்லம் என்ன வாணிகக் கடையா? இக்கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. கணக்குப் பார்த்துச் சோறிடும் வீட்டில் விருந்தினர்க்கு வயிறு நிறைவதில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் பொன்னைக் கொட்டி ஏரி வெட்டியவர்கள் அன்பில்லாமலா எழுதிவைத்தார்கள்? கேட்டுப் பெறக் கூசுபவர்க்காகவே எழுத்து வேண்டியிருக்கிறது. உரக்கக் கேட்பவர்க்கு எழுத்துத் தேவையில்லை.

ஆகவே வீட்டை ஒழுங்குசெய்யும் வேலையை நாம் அளவிலிருந்து தொடங்கலாம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்றும் சொல்கிறது. நம் குளிர்ப்பெட்டிகளின் பின்வரிசையைப் பார்த்தவர்க்கு இது புதிதன்று. தள்ளுபடி என்று வாங்கிய துவரம்பருப்பு மூன்று பைகளாக இருக்க, நான்காவது பையும் வந்துவிடுகிறது. இருப்பு எவ்வளவு என்பது ஒருவர் தலையில் மட்டும் இருந்தால் அவர் அயர்ந்த நாளில் வீடே அயர்ந்துவிடும். அரிசிக் குக்கரோடு வரும் கோப்பை 180 மில்லி லிட்டர் கொள்ளும். அது ஜப்பானியரின் ‘கோ’ என்னும் பழைய அளவு. நம் ஆழாக்கோ ஏறக்குறைய 168 மில்லி லிட்டர். ஆளுக்கு ஓர் ஆழாக்கு என்று பாட்டிமார் அளந்த கணக்கு, கடல்கடந்து வந்தும் நம் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது.

திருமலையில் 1985இல் நித்திய அன்னதானம் தொடங்கிற்று. 2011 முதல் அது தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயர்தாங்கிய கட்டடத்தில் நடைபெறுகிறது. ஒரே சமயத்தில் 4,000 பேர் அமர்ந்து உண்ணக்கூடிய அக்கூடங்களில், யார் எவர் என்று கேளாமல் இலை போடுகிறார்கள். 2002இல் அங்கே கதிரவன் வெப்பத்தால் நீராவி எழுப்பிச் சமைக்கும் அமைப்பையும் நிறுவினார்கள். பெரிய அடுக்களைகள் எரிபொருளை மிச்சப்படுத்த வழி தேடியிருக்கின்றன. வயிற்றில் மிச்சம் பிடிக்க முனையவில்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் வேங்கடேசர் கோயிலுக்குச் செல்லும் நம் குடும்பங்கள், வழிபாடு முடிந்ததும் உணவகத்தில் புளியோதரைக்கும் தயிர்ச்சோற்றுக்கும் வரிசையில் நிற்கின்றன. வீட்டில் எல்லார்க்கும் பின் உண்பவரும் அங்கே மற்றவரோடு நின்று, தமக்கென ஒரு முழுத் தட்டைப் பெற்றுக்கொள்கிறார்.

வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் இருப்பையும், வாரத்துக்குரிய சமையலையும், ஆளுக்குரிய அளவையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைப்பது எளிய வேலைதான். ஊறவைப்பது யார், அரைப்பது யார், பாத்திரம் துலக்குவது யார் என்பதற்கும் அதில் இடம் விடவேண்டும். ஆளுக்கு எவ்வளவு என்று எழுதும் பகுதியில் முதற்பெயர் யாருடையது என்பதை, அன்றைய சமையல் தொடங்குமுன் வீட்டார் கூடியிருந்து முடிவுசெய்துகொள்ளலாம்.